டொக்டர் மகள் வேலையை விடலாமா?

 

இந்தப் பகுதிக்கு மாதந்தோறும் வருகின்ற கடிதங்களில் பாதிக்கு மேல் நோயைப் பற்றித்தான் இருக்கும். மூட்டு வலிக்கு என்ன செய்யலாம், பிள்ளை சாப்பிட மறுக்கிறான், சீனி வியாதிக்குப் பாகற்காய்ச் சாறு குடிக்கலாமா என்றெல்லாம் கேட்டு எழுதுவீர்கள். இம்முறை வந்த ஒரு கடிதம் வேறு மாதிரியானது. ஹட்டனுக்கு அண்மையில் உள்ள சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

"எங்கட மகள் டொக்டர். அவளைப் படிப்பிக்க என்ட ரெண்டு சோடிக் காப்பையும் வித்தேன். வாப்பா கடைச் சாமானுக்குக் கடன் பட்டார். நாலு வருசம் ஆஸ்பத்திரியில வேலை செய்தாள். இப்ப வேலையை விடப் போறாளாம். சாப்பாடு, உடற்பயிற்சி இதெல்லாம் ஊருக்குச் சொல்லிக் குடுத்து, நோய் வராமல் பார்க்கப் போறேன் எண்டு நிக்கிறாள். அவளோட வாப்பா கதைச்சு ரெண்டு மாசம் ஆகுது. பேசி வைச்ச மாப்பிள்ளை வீட்டார், டொக்டர் எண்டுதானே கேட்டு வந்தோம் எண்டு சொல்றாங்க. நான் அவளுக்கு என்ன சொல்ல?"

சகோதரியே, உங்கள் கேள்விக்கு வெளியாள் போல நின்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

எனது வாப்பாவும் மலையகத்துச் சிறு நகரம் ஒன்றில் கடை வைத்திருந்தவர்கள்தான். காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 8 மணிக்குத்தான் பலகை போடுவார்கள். கல்லாவை விட்டு எழும்ப நேரமிருக்காது. கொழும்பிலிருந்து சாமான் ஏற்றி வரும் லொறிக்காரருக்கு ஒரு தேத்தண்ணி, தோட்டத்திலிருந்து பற்று முடிக்க வரும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி. வந்தவரோடு சேர்ந்து வாப்பாவுக்கும் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பைக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. குளிருக்கு இதமாக இருக்கும் என்று உம்மாவே கலக்கிக் கொடுப்பார்கள்.

52 வயதில் சீனி வியாதி என்றார்கள். 58 வயதில் செருப்பு உரசிய ஒரு சிறு புண் ஆறாமல் போய், வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அன்று சத்திர சிகிச்சை செய்த வைத்தியர் நல்லவர். வாட்டுக்கு வெளியே எங்களைக் கூப்பிட்டு, "இதைப் பத்து வருசத்துக்கு முந்தியே கவனித்திருக்க வேண்டும்" என்றார். உம்மா அழுதுகொண்டே கேட்டார்கள்: "பத்து வருசத்துக்கு முந்தி எங்களுக்கு யாரு சேர் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. வருத்தம் வந்தபிறகு வருகிறவர்களைப் பார்ப்பது அவர் வேலை. வருமுன் வந்து சொல்வதற்கு எங்கள் கடைத்தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் மகள் அப்படி ஒருவராக இருக்க விரும்புகிறார் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது.

நிரம்பி வழியும் தொட்டி

இப்படி நினைத்த முதல் வைத்தியர் உங்கள் மகள் அல்ல. டெனிஸ் பேர்கிட் என்றொரு சத்திர சிகிச்சை நிபுணர் இருந்தார். 1911இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணோடு சத்திர சிகிச்சை படித்து, 1946இல் உகண்டா நாட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கே சிறு பிள்ளைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுநோயை 1958இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். இன்றும் அந்த நோய்க்கு அவருடைய பெயர்தான்.

இவ்வளவு பெயர் வந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய கதிரையில் அமர்வார். பேர்கிட் 1960களில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆபிரிக்கக் கிராமங்களில் குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், குடல் நோய்கள் மிக அரிதாக இருப்பதையும், பிரித்தானிய ஆஸ்பத்திரிகள் அதே நோய்களால் நிரம்பிக் கிடப்பதையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆபிரிக்காவில் வேலை செய்த ஏராளமான வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி விபரம் திரட்டினார். அங்கே மக்கள் சாப்பிட்டது உமி, நார் நீக்காத தானியமும் கிழங்கும் கீரையும். இங்கிலாந்தில் சாப்பிட்டது வெள்ளை மாவும் சீனியும். 1993இல் இறக்கும்வரை நார்ச்சத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 'நார்ச்சத்து' என்ற சொல் இன்று பிஸ்கட் பெட்டியில்கூட அச்சிடப்படுவதற்கு அவர் ஒரு முக்கிய காரணம்.

தன் கூட்டங்களில் அவர் ஒரு படம் காட்டுவார். கை கழுவும் தொட்டி நிரம்பி வழிகிறது. தரையெல்லாம் தண்ணீர். இரண்டு பேர் மும்முரமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயோ திறந்தபடியே இருக்கிறது. அதை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

தரை துடைப்பவர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என் வாப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர் தரை துடைத்தவர்தான். அவருக்கு இன்றும் துஆ செய்கிறேன். ஆனால் குழாயை மூடவும் ஓர் ஆள் வேண்டாமா?

குன்னூரில் ஓர் எலிக்கூண்டு

பேர்கிட் தூரத்து மனிதர் என்று நினைத்தால், நமக்குக் கிட்டிய ஓர் இடத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் குன்னூர் என்ற ஊர் இருக்கிறது. ஹட்டனைப் போலவே குளிர், மூடுபனி, சரிவெல்லாம் தேயிலை. றொபேர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ வைத்தியர் 1918இல் அங்கே ஆராய்ச்சி தொடங்கினார். அதற்கு முன்பு இமயமலைப் பக்கத்தில் கில்கிட் என்ற இடத்தில் பல வருடம் வைத்தியம் பார்த்தவர். கழுத்துக் கழலை ஏன் வருகிறது என்று ஆராய்ந்தவர். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவர் மனத்தில் ஒரு கேள்வி வளர்ந்தது. நோய் ஏன் வருகிறது என்று எல்லோரும் கேட்கிறோமே, சிலர் நோயில்லாமல் எப்படி இருக்கிறார்கள் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

குன்னூரில் அவர் எலிகளை வளர்த்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், இடைக்கிடை சிறிது இறைச்சி என்ற பஞ்சாப் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய வெள்ளை அரிசியையே பெரும்பாலும் நம்பிய சென்னைப் பகுதி உணவை உண்டவை 155 கிராமோடு நின்றன. தமிழர் வீட்டுச் சோற்றுக்குத்தான் கடைசி இடம் கிடைத்தது!

இன்னொரு சோதனைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அக்கால இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உணவை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தார். வெள்ளைப் பாண், மாஜரின், சீனி போட்ட பால் தேத்தண்ணி, அவித்த கோவாவும் உருளைக்கிழங்கும், தகரத்தில் அடைத்த இறைச்சி, ஜாம். இவ்வளவுதான். அந்த எலிகள் வளர்த்தியின்றி மெலிந்தன. எதற்கெடுத்தாலும் மிரண்டன. பராமரிப்பவர்களைக் கடித்தன. 60 நாளளவில் வலுவானவை தமக்குள் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின.

எலி மனிதன் ஆகாது என்பது உண்மை. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கு நடக்கும் என்று யாரும் பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். பாண், மாஜரின், ஜாம், சீனித் தேத்தண்ணி. நம் வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போகுமுன் எதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது?

மெக்காரிசன் 1935இல் ஓய்வு பெற்றார். அவருடைய சிறு ஆராய்ச்சிக்கூடம் வளர்ந்து, பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று இந்தியாவின் தேசிய போஷாக்கு நிறுவனமாக இருக்கிறது. நோயாளியின் கட்டிலை விட்டு எலிக்கூண்டுக்குப் போன ஒரு வைத்தியரை அன்றைக்கு எத்தனை பேர் பரிகசித்தார்களோ!

நம் நாட்டின் டொக்டர் அம்மா

இலங்கையிலும் ஒருவர் இருந்தார். மேரி இரட்ணம் என்ற பெண் வைத்தியர். 1873இல் கனடாவில் எலோரா என்ற ஊரில் பிறந்து, டொரொன்டோவில் மருத்துவம் படித்து, 1896இல் இங்கே வந்தார். தமிழர் ஒருவரை மணந்தார். அந்தக் கலியாணத்தை ஏற்காமல் அவரை அனுப்பிய மிஷனே அவரைக் கைவிட்டது. கொழும்பில் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். பின்னர் சொந்தமாக வைத்தியம் பார்த்தார்.

அவர் வைத்தியத்தை முற்றாக விட்டவரல்லர். ஆனால் மருந்துச் சீட்டோடு மட்டும் நிற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். தாய்மாருக்குக் குழந்தை வளர்ப்பையும் வீட்டுச் சுத்தத்தையும் கற்பித்தார். கனடாவில் கிராமத்துப் பெண்கள் நடத்திய சங்கங்களைக் கண்டு, அதே மாதிரி 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார்.

கனடாவின் அந்தச் சங்கங்களுக்குப் பின்னாலும் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற பெண்ணின் கைக்குழந்தை 1889இல் இறந்தது. அசுத்தமான பால்தான் காரணம் என்று தாய் நம்பினார். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமே என்ற வேதனைதான், பெண்களுக்கு வீட்டுச் சுகாதாரம் கற்பிக்கும் முதற் சங்கத்தை 1897இல் அவரைத் தொடங்க வைத்தது. என் உம்மா வாட்டுக்கு வெளியே கேட்ட அதே கேள்விதான் இதுவும்.

மேரி இரட்ணம் 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி. 1958இல் மக்சேசே விருது பெற்றார். 1962இல் காலமானார். அவர் ஆயுளில் எத்தனை காய்ச்சலைக் குணப்படுத்தினார் என்று இன்று யாருக்கும் தெரியாது. கிராமத்து வீடுகளுக்குள் அவர் கொண்டுபோன அறிவுக்காகத்தான் அவரை நினைக்கிறோம்.

இதனால் பலன் உண்டா?

"சொல்லிக் கொடுத்தால் மட்டும் வருத்தம் நின்றுவிடுமா?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சீனி வியாதி இன்னும் வராத, ஆனால் வாசற்படியில் நிற்கிற 531 பேரை எடுத்தார்கள். சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். சிலருக்குத் தினம் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும். சிலருக்கு மாத்திரை. மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் உணவும் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை குடித்தவர்களில் ஏறத்தாழ 40 பேர். நடை, மாத்திரைக்குச் சளைக்கவில்லை!

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டளவில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு இருந்த சீனி வியாதி, அண்மைய ஆய்வில் ஐந்தில் ஒருவரையும் தாண்டிவிட்டது. குழாய் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தீர்களா?

ஒரே மலை, இரண்டு விதப் பசி

உங்கள் மகள் இதை மலையகத்திலேயே செய்ய விரும்பினால் ஒன்றை அவர் கவனிக்க வேண்டும். நம் மலையில் ஒரே தெருவில் இரண்டு எதிரெதிரான பிரச்சினைகள் வாழ்கின்றன.

தோட்டத்தில் லயத்தில் இருக்கிற அக்கா காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுகிறார். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறார். அவருக்குப் போய், "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொன்னால் சிரிப்பார். அவருக்கு நடை போதும். தட்டில்தான் குறை. 2016இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் 32 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை! நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அதே மலையில் பிள்ளை வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறது.

கடைத்தெருவில் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற நம் சகோதரிகளின் கதை வேறு. தட்டு நிறைய இருக்கிறது, நடைதான் இல்லை. சாமான் கீழே கடையிலிருந்தே வந்துவிடும். பிள்ளை வேனில் போய்விடும். கலியாண வீடு, கந்தூரி, பெருநாள் என்று புரியாணியும் வட்டிலப்பமும் தொடர்ந்து வரும். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் வெறும் வயிறு. இஃப்தாருக்கோ எண்ணெயில் பொரித்த பலகாரமும் சர்பத்தும். மாத முடிவில் உடல் இளைப்பதற்குப் பதிலாகப் பருத்திருக்கும்.

ஒரே அறிவுரையை இரு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு வீட்டிலும் பிழைக்கும். இதைப் பிரித்து அறிந்து சொல்லத்தான் படித்த வைத்தியர் தேவை.

மகளிடம் கேட்க மூன்று கேள்விகள்

சகோதரியே, உங்கள் மகளை மெச்சி மட்டும் எழுதினால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்தவள் ஆகமாட்டேன். இரவில் ஒரு நாள் இருவரும் தனியே அமர்ந்து, கோபமில்லாமல் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதலாவது: "மகள், நீ களைத்துப் போயிருக்கிறாயா, அல்லது மனம் மாறியிருக்கிறாயா?" இரவு வேலையும் ஓய்வின்மையும் எந்த இளம் வைத்தியரையும் உடைத்துவிடும். களைப்புத்தான் காரணமென்றால் அதற்கு மருந்து லீவும் தூக்கமும் இடமாற்றமும். களைத்த மனத்தோடு எடுத்த முடிவுக்காகப் பின்னர் வருந்த நேரிடும்.

இரண்டாவது: "ஆஸ்பத்திரி வாட்டை விடுகிறாயா, வைத்தியத்தையே விடுகிறாயா?" இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டில் 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோய் வருமுன் காப்பதற்கென்றே ஒரு வைத்தியரையும் மருத்துவ மாதுகளையும் ஒரு பிரதேசத்துக்கு நியமிக்கும் ஏற்பாடு அது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி என்கிறோமே, அவர்தான். கர்ப்பிணித் தாய்மார், குழந்தைகளின் நிறை, தடுப்பூசி, பாடசாலைச் சுகாதாரம் எல்லாம் அவர் கையில். சமூக மருத்துவத்தில் மேற்படிப்புக்கும் கொழும்பில் வழியுண்டு. உங்கள் மகள் தேடுகிற வேலை அரசாங்கத்திலேயே இருக்கலாம். சம்பளமும் நிற்காது, வாப்பாவின் மனமும் ஆறும். அப்படியே வெளியே வந்தாலும், வைத்தியராகப் பதிவு செய்த தகுதியை அவர் கைவிடக் கூடாது. அந்தப் பதிவுதான் நாளைக்கு அவர் பேச்சுக்குப் பெறுமதி தரும்.

மூன்றாவது: "நீ எதை விற்கப் போகிறாய்?" இது கசப்பான கேள்வி. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். உடம்பைக் குறைக்கும் தூள், சீனி வியாதியை வேரோடு நீக்கும் பானம் என்று விற்கிறவர்களும் சுகவாழ்வு என்ற பெயரில்தான் வருகிறார்கள். "நான் டொக்டர், சொல்கிறேன், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொல்லத் தொடங்கினால், குழாயை மூட வந்தவரே இன்னொரு குழாயைத் திறந்துவிடுவார். கீரையையும் நடையையும் சொல்லிக் கொடுப்பதில் பெரிய வருமானம் இல்லை. அதையும் மகள் தெரிந்திருக்கட்டும்.

இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், தயங்காமல் அவர் பக்கம் நில்லுங்கள். கணவரிடமும் நீங்களே பேசுங்கள். "காப்பு விற்றது அவள் கழுத்தில் குழாய் மாட்டிப் பார்க்கவா, நாலு பேருக்கு அவள் உதவவா?" என்று மெல்லக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பட்டத்தைக் கேட்டு வந்தவர்கள், பட்டம் எங்கேயும் போய்விடவில்லை என்று அறிந்தால் திரும்பி வருவார்கள். சம்பளத்தைக் கேட்டு வந்தவர்கள் என்றால், அது இப்போதே தெரிந்தது நல்லதல்லவா?

நம் அடுப்படியில் தொடங்குவோம்

மகள் ஊருக்குச் சொல்லப் போகிறார். அதற்கு முதல் அவர் வீட்டு அடுப்படி அதைக் காட்ட வேண்டும். மற்றச் சகோதரிகளுக்கும் சேர்த்துச் சில விஷயங்கள் எழுதுகிறேன்.

1. சீனியை எண்ணுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு சிறு கரண்டிக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வாப்பா குடித்தது 24 கரண்டி! ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

2. சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். தேயிலையில் உள்ள சாயம், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால், அல்லது பின்னால் ஒரு கொய்யாப்பழம் தின்றால், இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணிகளும் வயதுக்கு வந்த பிள்ளைகளும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

3. வெள்ளை மாவைக் கொஞ்சம் ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று நாளாவது காலையில் பாணுக்குப் பதில் அவித்த கடலை, கௌபி, பயறு, அல்லது குரக்கன் ரொட்டி. வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு போகாத சிவப்பரிசி. ரொட்டிதான் வேண்டுமென்றால் மாவில் வல்லாரையோ முருங்கைக் கீரையோ அரிந்து போட்டுப் பிசையுங்கள். ஒரு முட்டையோ கொஞ்சம் நெத்தலியோ பக்கத்தில் இருக்கட்டும்.

4. நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் போதும். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். ஹட்டனில் ஏற்றமும் இறக்கமும் தாராளம். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரை இருக்கிறது. தனியே போகக் கூச்சமென்றால் சுபஹுக்குப் பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். பனிக் காலத்தில் வெளியே போக முடியாவிட்டால் வீட்டு மாடிப்படியே போதும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

5. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடையும் உணவும் சரியானால் மாத்திரையைக் குறைப்பதா என்று வைத்தியர் சொல்லட்டும். 35 வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே இலவச நிலையங்கள் இருக்கின்றன.

6. பக்கத்து லயத்தையும் நினையுங்கள். கடைக்குப் பற்று வாங்க வருகிற அக்காவிடம், மருத்துவ மாது பிள்ளைக்குத் திரிபோஷா கொடுத்தாரா, பிள்ளையின் நிறை பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுத்து வருகிற சத்துமா அது. வீட்டுக்குக் கிடைத்தால் எல்லோரும் பங்கு போட்டுவிடாமல் உரியவருக்கே போகட்டும்.

வாப்பா கால் எடுத்தபின் ஒன்பது வருடம் இருந்தார்கள். கடைசிவரை கடைக்கு வந்து கல்லாவில் அமர்ந்தார்கள். பலகைக்குப் பின்னால் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருப்பார்கள். தேத்தண்ணி வந்தால், "சீனி போடாதது இங்க குடு" என்று கையை நீட்டுவார்கள். வருகிற லொறிக்காரரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் ஊன்றுகோலைக் காட்டி, "நீங்களும் குறைச்சுக்கொள்ளுங்க, பிறகு கஷ்டம்" என்பார்கள். எங்கள் கடைத்தெருவில் வருமுன் சொல்லத் தொடங்கிய முதல் ஆள் அவர்கள்தான். சொல்வதற்கு அவர்கள் கொடுத்த விலை ஒரு கால்.

உங்கள் மகள் அந்த விலை கொடுக்காமலே சொல்ல வருகிறார், சகோதரி. கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தியென்றால் கதவைத் திறந்து விடுங்கள். என்ன முடிவானது என்று எனக்கும் எழுதுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.